பெயர் போடப் பயந்த நசீமா ராத்தா

நசீமா ராத்தா மௌத்தாகிவிட்டார், இறந்துபோனார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் அப்போது பஸ்ஸில் இருந்தேன். ‘இன்னாலில்லாஹி’ சொல்லி வாய் மூடுவதற்குள் அவர் கதை எழுதும் குணம் அண்ணனோடு பிடித்த சண்டை நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன். பக்கத்து இருக்கைக்காரர் ஒருமாதிரிப் பார்த்தார். ராத்தாவோடு பழகியவர்கள் அப்படிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

கல்முனையில் ஒரு கணினி நிலையத்தில் நாங்கள் ஒன்றாக வேலை செய்தோம். வயதில் மூத்தவர் என்பதால் எல்லாருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். வாய் திறப்பது குறைவு. அந்தக் குறையை ராத்தா ஒருவரே நிரப்பினார். யுத்தம் முடிந்த கையோடு அவர் ஒரு திரட்டி தொடங்கினார். மருதமுனை, பெரியநீலாவணை, அட்டாளைச்சேனை என்று கரையோர ஊர்களில் வலைப்பதிவு எழுதியவர்களின் புதிய பதிவுகள் தாமாகவே வந்து அந்த ஒரே பக்கத்தில் சேரும். தலைப்பும் முதல் இரண்டு வரிகளும் தெரியும். யாருடைய பதிவு என்பது தெரியாது. அதை வேண்டுமென்றேதான் மறைத்திருந்தார்.

“பேரப் பாத்தா, ‘இது அவங்கட ஊர்’ எண்டு உட்டுட்டுப் போயிருவாங்க புள்ள. பேரில்லாட்டி எல்லாம் நம்மட கதை.”

தமிழரும் முஸ்லிம்களும் ஒருவரை ஒருவர் வாசிக்க வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை முழுவதும். தமிழ் ஊரான பெரியநீலாவணையில் மீன்பிடித்துக்கொண்டே புளுகுக் கதைகள் எழுதிய குணம் அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. “என்ட புள்ளைக்கு அப்பன்ட பேர் இல்லாமப் போட்டிருக்கீங்களே ராத்தா!” என்பார். “புள்ள வடிவா இருந்தா, அப்பன் ஆரா இருந்தா என்ன?” என்பார் இவர்.

ஒரு நாள் முற்பகல் திரட்டியின் உச்சியில் ஒரு பதிவு வந்து நின்றது. ‘கடல் பின்னுக்குப் போய்விட்டது. மணலில் மீன்கள் துடிக்கின்றன.’ அவ்வளவுதான் தெரிந்தது. சுனாமியைக் கண்ட ஊருக்கு அதுவே போதும். முஸ்லிம் ஊரான மருதமுனையில் ஒருவர் பார்த்து இன்னொருவருக்குச் சொல்ல, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீதிக்கு வந்துவிட்டார்கள். ராத்தா பதிவைத் திறந்து வாசித்தார். மனைவி வைத்த கறியின் மணம் தாங்காமல் கடல் ஓடிப்போனதாகக் குணம் அண்ணன் எழுதியிருந்தார். ராத்தா மோட்டார் சைக்கிளில் பறந்து போய்ப் பள்ளிவாசலில் சொல்லி, அது வெறும் கதைதான் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்க வைத்தார். மூச்சு வாங்கத் திரும்பிவந்தபோது நிலைய வாசலில் குணம் அண்ணன் நின்றார்.

“சனத்த இந்த ஓட்டம் ஓட வச்சிட்டீங்களே குணம்!”

“ஓட வச்சது நானா? என்ட பேரப் போட்டிருந்தா ஒருத்தர் செருப்பும் மாட்டியிருக்க மாட்டார். நான் சொன்னா என்ட பொஞ்சாதியே நம்புறல்ல!”

ராத்தா நேரே உள்ளே போய்க் கணினியின் முன் உட்கார்ந்தார்.

அன்றே ஒவ்வொரு தலைப்பின் கீழும் எழுதியவரின் பெயரையும் ஊரையும் போட்டார். பெயரை அழுத்தினால் அவருடைய சொந்தப் பக்கத்துக்கே போகலாம். போட்டுவிட்டு, “இனி எங்கட ஆக்கள் அவங்கட கதைய வாசிக்க மாட்டாங்க புள்ள. என்ட பாடு முடிஞ்சுது,” என்றார்.

சில நாட்கள் கழித்து, கைத்தறி நெய்யும் மருதமுனைப் பெண்ணொருவர் நிலையத்துக்கு வந்தார். ஓடியவர்களில் அவரும் ஒருவர்.

“அந்தப் பெரியநீலாவணைப் பொய்யன் இண்டைக்கு என்னவும் எழுதியிருக்கானாகா?”

“என்னத்துக்கு, இன்னும் ஓடவா?” என்றார் ராத்தா.

“இல்லகா. அவன்ட பொஞ்சாதி கறிச்சட்டியால அடிச்சாளா இல்லையா எண்டு பாக்கணும்.”

ராத்தா தன் கதிரையை அவருக்குக் கொடுத்து, குணம் அண்ணனின் பெயரை அழுத்திக் காட்டினார். இருவரும் சிரித்த சிரிப்பில் முன்கடைக்காரர் எட்டிப்பார்த்தார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது, பயந்துகொண்டேயாவது பெயரைப் போட்ட அந்தத் துணிவைத்தான். இப்போது எந்தச் சபையிலும், அடுத்த ஊர்க்காரர் ஒருவரின் பேச்சை எடுத்துச் சொல்லுமுன் அவர் பெயரையும் ஊரையும் சொல்லிவிடுகிறேன். சிலர் முகம் சுளிப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால், கேட்கத் தொடங்குவார்கள்.