உரிந்துபோன தையல்

என் புருஷன் மஹாத் ஈரத்தின் மேலேயே பசை பூசி ஏமாற்றியவர் என்று எங்கள் ஊர் சலாலாவில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்கிறவர்கள் வாயில் மண் விழ.

கரீஃப் பருவத்துச் சாரல் பிடித்துவிட்டால் எங்கள் மலையடிவாரத்தில் மூன்று மாதம் துவைத்த துணி காயாது, செருப்பில் பூஞ்சை பூக்கும். அந்த ஈரத்தில் கூடாரத் தையலுக்கு ரப்பர் பசை பூசி ஒட்டவைப்பது லேசுப்பட்ட காரியமா? மஹாத் இருபது வருஷம் அதைத்தான் செய்தார். உள்ளே கரி அடுப்பு மூட்டித் தையலைக் காயவைப்பார். கன்னத்தை வைத்துப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால் இன்னொரு நாள் கரி. யார் அவசரப்படுத்தினாலும் காது கேட்காதவர் மாதிரி இருந்துவிடுவார்.

ஒரு வருஷம் ஒரு கூடாரம் ஒழுகிவிட்டது. விருந்தாளிகளுக்காகப் போடும் அந்தக் கூடாரங்கள் எல்லாம் அவருடைய பெரியப்பா மகன் ஆமிருடையவை. மறு வருஷம் ஆமிர் வந்து, "மஹாதே, பெரிய கூடாரம் ஒரு சொட்டு ஒழுகினாலும் நீ ஒட்டகம் மேய்க்கப் போயிடு. தம்பின்னெல்லாம் பாக்கமாட்டேன்" என்றார்.

பெரிய கூடாரத்துக்கு இரண்டு நாள் கரி போட்டார் மஹாத். என்னை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் பசை வாங்கப் போனார். விருந்தாளி உட்காரப் போகிற இடத்தில் வெறும் கரியை எரிப்பதா? நல்ல சாம்பிராணியாகப் பார்த்து அள்ளிப் போட்டேன். புகை மேலே எழும்பித் தையலெங்கும் அப்பியது. மனசுக்கு நிறைவாக இருந்தது. நாசமாய்ப் போன நிறைவு.

அவர் வந்து கன்னம் வைத்துப் பார்த்தார். "கருவாடு மாதிரி காஞ்சிருக்கு, உம்மு சுஹைல்" என்று மகன் பேரை வைத்து என்னைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே பசை பூசினார்.

நாலாம் நாள், விருந்தாளிகள் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருக்கையில் பசை கீற்றுக் கீற்றாக உரிந்து தொங்கியது. கறிச்சோற்றில் தண்ணீர் சொட்டியது.

"ஈரத்து மேலயே பூசிட்டு எங்களை ஏமாத்துறியா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார் ஆமிர்.

"காயவெச்சேண்ணே."

"காயவெச்சா ஏன் உரியுது?"

"எனக்கே தெரியல."

வீட்டுக்கு ஒரு கீற்றைக் கொண்டுவந்து திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னிடம் கொடுத்தார். ஒட்ட வேண்டிய பக்கத்தில் மஞ்சளாகப் பிசுக்கு. மோந்து பார்த்தேன். சாம்பிராணி. எங்கள் வீட்டில் தலையணைகூட அந்த வாசனைதான், அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. நான் போட்ட புகையின் பிசுக்கில்தான் பசை பிடிக்கவில்லை.

"உனக்கு ஏதாவது புரியுதா?"

"புரியலை, அபூ சுஹைல். மழை அப்படி."

ஆமிரிடம் போய்த் தப்பு என்னுடையது என்று சொல்லியிருந்தால் மஹாதின் வேலை பிழைத்திருக்கும். நாத்தனார்கள் ஜென்மத்துக்கும் குத்திக்காட்டுவார்களே என்று பயந்தேன். இன்றைக்கு, நாளைக்கு என்று வருஷங்கள் ஓடிவிட்டன. அவர் ஊரான் ஒட்டகத்தை மேய்க்கிறார்.

போன வாரம் ஆமிரின் புது ஆள் வந்து, தையலை எப்படிக் காயவைப்பது என்று கேட்டான். மஹாத் ஒன்றுவிடாமல் சொன்னார்.

"ஒரு தடவை என்கூட வந்து பூசிக் காட்டுங்களேன்" என்றான் அவன்.

"வேணாம்ப்பா. என் கை பட்டா ஒழுகும்" என்று சொல்லி, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

நான் உள்ளேதான் இருந்தேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.