நீலக் கார் ஜெயித்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள்

பந்தய சீசனில் முதல் இரண்டு ஓட்டங்களைப் பார்த்துவிட்டால் போதும், அந்த வருஷம் யாருக்கு நல்ல காலம், யாருக்குக் கெட்ட காலம் என்று சொல்லிவிடலாம் என்பது என் நைனாவின் நம்பிக்கை. அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். துறைமுகத்துப் பட்டறையில் அவர் ஃபிட்டர். சொந்த வாகனம் என்று பார்த்தால் ஒரு சைக்கிள்தான், அதற்கும் பின்சக்கரத்தில் மட்கார்டு கிடையாது. ஆனால் எந்தக் காருக்கு எந்தத் திருப்பத்தில் மூச்சு வாங்கும் என்று கேட்டால், ராயபுரத்தில் அவரை விட்டால் ஆள் இல்லை.

செங்குன்றத்தைத் தாண்டி, யுத்த காலத்தில் விமானம் இறங்கப் போட்டுவிட்டு அப்படியே விட்டுப்போன சிமெண்டுத் தளம் ஒன்று இருந்தது. பொங்கல் கழிந்ததும் நாலைந்து ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே மோட்டார் பந்தயம் நடக்கும். தார்ப் பீப்பாய்களை வரிசையாக நிறுத்தித் திருப்பங்கள் அமைத்திருப்பார்கள். எங்கள் தெருவிலிருந்து ஒரு லாரி போகும். ஆண்கள் எல்லாரும் நின்றுகொண்டே வருவார்கள். நைனாவுக்கு ஆண் பிள்ளை இல்லாததால், என்னைத் தூக்கி டிரைவர் பக்கத்தில் உட்கார வைத்துவிடுவார். எனக்கு அப்போது பத்து வயது.

சீறிக்கொண்டு போகும் தனிரகப் பந்தய வண்டிகள்மேல் நைனாவுக்கு ஆசை இல்லை. அன்றாடம் தெருவில் ஓடும் கார்களுக்கென்று தனியாக ஒரு பந்தயம் வைப்பார்கள். கடையில் வாங்கியபடியே கார் இருக்க வேண்டும், உள்ளே எதையும் மாற்றக்கூடாது. அதுதான் நைனாவின் உயிர். "அதுலதாண்டி ஓட்டறவன் கை தெரியும். மத்ததெல்லாம் காசு ஓடறது" என்பார். ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பெரிய மனிதர்கள். நாங்கள் அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தோம். மலையிலிருந்து வரும் வெள்ளைக்காரர் எஸ்டேட் தொரை. சின்னஞ்சிறு கறுப்புக் காரில் வருகிறவர் பல் டாக்டர். படகு மாதிரி அமெரிக்கக் காரில் வந்து, திருப்பத்துக்குத் திருப்பம் பீப்பாயை உருட்டிவிட்டுப் போகிறவர் அரிசி மில்.

அந்த வருஷம் புதிதாக ஒரு நீலக் கார் வந்தது. அது எங்கள் பேட்டையில் மரம் அறுத்து விற்கிற மரவாடியின் முதலாளியுடைய கார். வார நாட்களில் பெரிய முதலாளியை ஆபீசுக்கும் அவர் சம்சாரத்தைக் கோயிலுக்கும் கொண்டுபோய் விடும். ஞாயிற்றுக்கிழமை பந்தயத்தில் ஓடும். பதிவேட்டில் ஓட்டுகிறவராக இருந்தது அவர் மகன் சின்ன முதலாளியின் பெயர். உண்மையில் ஓட்டியது என் மாமா.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. மரவாடியின் பின்பக்கத்து ஷெட்டில் லாரிகளையும் அந்தக் காரையும் பழுது பார்க்கிற மெக்கானிக். இருபத்து நான்கு வயது. அதிகம் பேசமாட்டார். பந்தயம் நடத்துகிற மோட்டார் சங்கத்து உறுப்பினர்கள் மட்டும்தான் ஓட்டலாம். மெக்கானிக் எல்லாம் சங்கத்தில் சேர முடியாது. சின்ன முதலாளிக்கோ கோப்பை வேண்டும், வேகம் என்றால் பயம். ஆகவே காருக்குப் பக்கத்தில் போட்ட கூடாரத்துக்குள் இருவரும் போவார்கள். வெளியே வரும்போது தலைக்கவசம், பெரிய தூசிக் கண்ணாடி, வாயைச் சுற்றித் துணி, இவற்றோடு வருகிறவர் மாமா. பந்தயம் முடிகிறவரை சின்ன முதலாளி உள்ளே கித்தானுக்குப் பின்னால் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருப்பார்.

இது எங்கள் லாரியில் வந்த எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கமாட்டார்கள். பாதிப் பேர் மரவாடியில் வேலை செய்கிறவர்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை பத்துச் சுற்று. எஸ்டேட் தொரையின் கார் மூன்றாவது சுற்றிலேயே கொதித்து ஆவி விட்டுக்கொண்டு ஓரங்கட்டியது. அரிசி மில் வழக்கம்போல் பீப்பாய்களோடு சண்டை. பல் டாக்டருக்கும் நீலக் காருக்கும்தான் போட்டி. எட்டாவது சுற்றில் டாக்டரின் டயர் வெடித்தது. நீலக் கார் தனியாக வந்து சேர்ந்தது.

"டாக்டருக்கு இந்த வருஷம் டைம் செரியில்ல. தொரைக்கு சுத்தமா இல்ல" என்று திரும்பி வரும்போது நைனா கணித்தார். "நீல வண்டி நல்லா கீது. ஆனா இது அதிர்ஷ்டத்துல வந்தது. அடுத்த தபா பாக்கணும்."

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் மாமா மோட்டார் பந்தயத்தில் ஜெயித்தார் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். அதற்கு மறுநாள் ஒரு பெண் தன் வீட்டுச் செய்தித்தாளைக் கொண்டுவந்து டீச்சரிடம் நீட்டினாள். அதில் சின்ன முதலாளி கோப்பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"பேப்பர்காரன் பொய் சொல்றானா, நீ பொய் சொல்றியா?" என்று டீச்சர் கேட்டார்.

"பேப்பர்காரன்" என்றேன். மணி அடிக்கிறவரை பெஞ்சுமேல் நிற்க வைத்தார்.

வீட்டுக்கு வந்து அழுதபோது அம்மா என்னைத் தேற்றவில்லை. "வாய வச்சிகினு சும்மா இருக்க மாட்டியா நீ? மாமா ஓட்டிச்சுன்னு இன்னொரு தபா எங்கயாச்சும் சொன்ன, சூடு வச்சிடுவேன்" என்றாள்.

"ஏம்மா? ஓட்டினது மாமாதானே?"

"வண்டி அவங்களுது. தொட வுட்டாங்களே, அதுவே பெருசு."

அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. அந்த வாரம் முழுக்க வகுப்பில் என்னைப் பார்த்தால் வாயால் கார் ஓட்டுகிற மாதிரி 'டுர்ர்' என்று சத்தம் விட்டார்கள்.

இரண்டாவது பந்தயம் இரண்டு வாரம் கழித்து. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த ஓட்டம் முழுதாக வருகிறது. இந்தத் தடவை யாருக்கும் டயர் வெடிக்கவில்லை, யாருடைய காரும் கொதிக்கவில்லை. ஐந்தாவது சுற்றுவரை எஸ்டேட் தொரை முன்னால். பிறகு டாக்டர் முன்னால். நீலக் கார் மூன்றாவதாக, அவசரமே இல்லாதது போல வந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது சுற்றில் தொரையைத் தாண்டியது. கடைசித் திருப்பத்தில் டாக்டர் உள்பக்கம் ஒட்டி வளைத்தார். எல்லாரும் பிரேக்கை மிதிக்கிற இடத்தில் மாமா மிதிக்கவில்லை. நீலக் கார் வெளிப்பக்கமாக, பீப்பாய்களைத் தொடாமல், ஒரு கை அகல இடைவெளியில் வழுக்கிக்கொண்டு போய் டாக்டருக்கு முன்னால் நிமிர்ந்தது. நைனா தோளில் கிடந்த துண்டைப் பல்லால் கடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றதை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இது அதிர்ஷ்டம் இல்லடி" என்றார். "இது கை."

கூட்டம் மேடைப் பக்கம் நகர்ந்தது. நான் மாமாவைப் பார்க்க வேண்டும் என்று கூடாரத்தின் பின்பக்கமாக ஓடினேன். அங்கே மாமா இல்லை. சின்ன முதலாளி குந்தி உட்கார்ந்திருந்தார். தரையிலிருந்து செம்மண்ணை ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, கன்னத்தில் பூசிக்கொண்டார். பிறகு நெற்றியில். பிறகு சட்டைக் காலரில். அம்மா கல்யாணத்துக்குக் கிளம்பும்போது பவுடர் போடுகிற அதே பொறுமையோடு செய்தார். என்னைப் பார்த்தும் பதறவில்லை. ஒரு சின்னப் பெண்தானே என்று எழுந்து, தலைக்கவசத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்.

எனக்குள் என்னமோ அறுந்தது. அவர் பின்னாலேயே போனேன். கோப்பைகள் அடுக்கிய மேஜைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தொப்பி வைத்த பெரியவர் ஒருவர் நின்றிருந்தார். பந்தயத்துக்கு நடுவர் அவர்தான். அவர் கோப்பையை எடுத்தபோது, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துக் கத்தினேன்.

"இவரு ஓட்டல! எங்க மாமாதான் ஓட்டிச்சு! இவரு மண்ண எடுத்துப் பூசிகினாரு!"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சின்ன முதலாளியின் முகம் செம்மண்ணுக்கு அடியில் வெளுத்தது. பெரியவர் கோப்பையை மேஜையில் வைத்துவிட்டு, "யாரம்மா உன் மாமா?" என்று கேட்டார். நான் கை காட்டினேன்.

மாமா நீலக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தார். கூப்பிட்டார்கள். அதற்குள் வேட்டிக்கு மாறியிருந்தவர் அதை இறக்கி விட்டுக்கொண்டு வந்து நின்றார். துணி கட்டியும் முகம் முழுக்கப் புழுதி. கண்ணைச் சுற்றி மட்டும் கண்ணாடி மறைத்திருந்த இடம் இரண்டு வட்டங்களாகச் சுத்தமாக இருந்தது. அதற்குமேல் யாருக்கும் சாட்சி தேவையில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

"நீயா ஓட்டினாய்?"

மாமா பெரியவரைப் பார்க்கவில்லை, சின்ன முதலாளியையும் பார்க்கவில்லை. "இல்லீங்க ஐயா. நான் ஸ்பேனர் புடிக்கிறவன். எங்க சின்ன மொதலாளிதான் ஓட்டுனாரு" என்றார்.

"இந்தப் பெண் நீதான் என்கிறாளே?"

"பொய் சொல்லுதுங்க" என்றார் மாமா. அப்படிச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பி அறைந்தார்.

அதுவரை மாமா என்னை அடித்ததே இல்லை. காது அடைத்துக்கொண்டது. பெரியவர் மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்த இரண்டு வட்டங்களை அவர் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பிறகு சின்ன முதலாளியைப் பார்த்தார். "சரி, குழந்தையை அழைத்துக்கொண்டு போங்கள்" என்று சொல்லிவிட்டுக் கோப்பையை எடுத்து நீட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் நைனாவைத் தேடினேன். அவரும் தட்டிக்கொண்டிருந்தார்.

லாரியில் திரும்பினோம். யாருக்கு நல்ல காலம், யாருக்குக் கெட்ட காலம் என்று நைனா கணிக்கவில்லை. மாமா எங்களோடு வரவில்லை. நீலக் காரைக் கழுவித் துடைத்து, மறுநாள் பெரிய முதலாளி ஆபீசுக்குப் போகத் தயார் செய்ய வேண்டியிருந்தது. வீட்டில் அம்மா என் கன்னத்தைப் பார்த்து என்ன ஆயிற்று என்று கேட்டாள். "வுழுந்துட்டா" என்றார் நைனா.

இவ்வளவு செய்தும் மாமாவுக்கு வேலை நிலைக்கவில்லை. அந்த வாரமே இனி ஷெட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளைத் தொப்பிக்காரர் சின்ன முதலாளியைத் தனியே கூப்பிட்டு, இனிமேல் நீயே ஓட்டு, இல்லையென்றால் வராதே என்று சொன்னதாகப் பின்னால் தெரிந்தது. மூன்றாவது பந்தயத்தில் சின்ன முதலாளியே ஓட்டினார். இரண்டாவது சுற்றில் நேராகப் பீப்பாய்களுக்குள் போய், காரின் முகம் நசுங்கியது. நல்ல தொடக்கத்துக்குப் பிறகு அவரை அதிர்ஷ்டம் கைவிட்டது என்று செய்தித்தாள் அனுதாபத்தோடு எழுதியிருந்தது. நைனா அதை இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்தார். பந்தயத்துக்கு அதன்பிறகு அவர் போகவே இல்லை.

ராயபுரத்தில் எந்த ஷெட்டிலும் மாமாவைச் சேர்க்கவில்லை. மரவாடிக்காரர்கள் சொல்லி வைத்திருந்தார்கள். திருவொற்றியூர்வரை நடந்து பார்த்தார். கடைசியில் நெல்லூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிற வேலை கிடைத்தது. கிளம்புகிற அன்று காலையில் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நைனா வேலைக்குப் போய்விட்டார். நான் பலகைமேல் சிலேட்டை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அன்று கன்னத்தில் அறை வாங்கிய பிறகு நான் அவரோடு ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

"இன்னா கண்ணு, கணக்கா?" என்றார்.

நான் நிமிரவில்லை. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"அன்னிக்கு எங்க நின்னுகினு இருந்த நீ?"

சிலேட்டில் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"கடைசித் திருப்பத்துல டாக்டர் வண்டிய வெளிப்பக்கமா தாண்டுனேனே" என்றார். குரல் கொஞ்சம் தாழ்ந்திருந்தது. "அத்த பாத்தியா?"

தாண்டினேன் என்று அவர் சொன்னதை அன்றுதான் கேட்டேன். இதற்காகத்தானே பெஞ்சுமேல் நின்றேன், இதற்காகத்தானே அடி வாங்கினேன் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இப்போது மட்டும் வாய் வருகிறதா?

"நான் பாக்கல" என்றேன்.

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "செரி" என்றார். பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அம்மா வருகிறவரைகூட இருக்கவில்லை.

நெல்லூரிலேயே கல்யாணம் செய்துகொண்டு அங்கேயே தங்கிவிட்டார். அப்புறம் நான் அவரைப் பார்த்தது இரண்டே தடவை, இரண்டும் சாவு வீட்டில். பந்தயத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

வாங்கின அடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்ற திருப்தியோடு அன்று காலை மீதிக் கணக்கையும் போட்டு முடித்தேன். மற்ற எல்லாரும் சின்ன முதலாளிக்குக் கை தட்டிவிட்ட பிறகு, தான் ஓட்டியதைப் பற்றி அவர் வாய்விட்டுக் கேட்கக்கூடிய ஆள் ஊரில் நான் ஒருத்திதான் மிச்சம் இருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.