மாலை வாடுவதற்குள் திரும்பி வந்தேன்

பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து பஸ் நிற்கும் இடத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். இரண்டு வருடங்களுக்கு முன், பினாங்கில், காலை ஒன்பது மணி வெயில். முதுகில் ஒரு பை, கையில் கனமான குளிர் ஜாக்கெட். எதிரே வந்த துப்புரவுக்கார அக்கா ஜாக்கெட்டையும் என்னையும் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிக்காமல் எப்படி இருப்பது? என் பாஸ்போர்ட்டில் அமெரிக்கக் குடிநுழைவு முத்திரை இருந்தது. கணுக்கால் புதையப் பனியில் நடந்துவிட்டு வந்திருந்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மனைவி நர்ஸ். எனக்கு முன்பே அங்கே வேலைக்குப் போய்விட்டாள். அவள் கணவன் என்ற முறையில் எனக்குக் குடியேறும் விசா வந்தது. மருத்துவப் பரிசோதனை செய்து ஆறு மாதத்துக்குள் அந்த நாட்டில் நுழைந்துவிட வேண்டும் என்பது விதி. பரிசோதனையைச் சீக்கிரம் முடித்துவிட்டேன். பேப்பர்கள்தான் தாமதமாக வந்தன. விசா கைக்கு வந்தபோது மூன்று வாரம்தான் மிச்சம். அவளோ வேறு இரண்டு நர்சுகளோடு ஒரே வீட்டில் இருந்தாள். எங்களுக்கென்று வீடு கிடைக்க நான்கு மாதம் ஆகும்.

"இப்ப வந்து முத்திரை வாங்கிட்டுப் போயிருங்க. வீடு கெடச்சதும் ஒரேயடியா வந்துருங்க. ஆனா ஒரு வருஷம் தாண்டக் கூடாது" என்றாள்.

இதில் மறைக்க எதுவும் இல்லை. நான்தான் மறைத்தேன்.

நான் பதினான்கு வயதில், இரண்டாம் படிவத்தோடு பள்ளியை விட்டவன். செம்பனைத் தோட்டம், மீன்பிடிப் படகு, கார் கழுவும் கடை, தொழிற்சாலை என்று ஈப்போ, கிள்ளான், ஜோகூர் எல்லாம் சுற்றியிருக்கிறேன். பஸ் நிலையத்திலும் படுத்திருக்கிறேன். எந்த இடத்திலும் ஒரு வருடம் தாண்டியதில்லை. கிளம்பும்போது யாரிடமும் சொல்வதில்லை. சம்பள நாளுக்கு மறுநாள் ஆளைக் காணோம் என்பார்கள், அவ்வளவுதான். கல்யாணத்துக்குப் பிறகு சிம்பாங் அம்பாட்டில், ஒரு மளிகை மொத்த வியாபார ஸ்டோரில் மட்டும்தான் நான்கு வருடம் நிலைத்தேன். லோரி ஓட்டுநருக்குத் துணையாக மூட்டை ஏற்றி இறக்கும் கெலிண்டான் வேலை.

விசா வந்துவிட்டது என்றதும் ஸ்டோரில் இருந்த பதினெட்டுப் பேரும் சேர்ந்து எனக்கு விருந்து வைத்தார்கள். வாழை இலை, ஆட்டுக்கறி, கழுத்தில் செவ்வந்தி மாலை, தோளில் பொன்னாடை. என் லோரி ஓட்டுநர் அண்ணன் மைக்கைப் பிடித்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு அழுதுவிட்டார். எல்லோருமாகச் சேர்ந்து வாங்கிய ஜாக்கெட்டை என் கையில் கொடுத்தார்கள். என் வாழ்க்கையில் என்னை யாரும் வழியனுப்பியதே இல்லை. 'பத்து நாளில் வந்துவிடுவேன்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். சொல்லியிருந்தால் அங்கேயே மாலையைக் கழற்றியிருக்க வேண்டும். கறியும் நன்றாக இருந்தது. பேசாமல் சாப்பிட்டேன்.

திரும்பி வந்ததும் நேரே ஜோகூர் போய், நான்கு மாதம் ஏதாவது வேலை பார்த்துவிட்டு, அங்கிருந்தே விமானம் ஏறிவிடுவது என்று திட்டம். சிம்பாங் அம்பாட்டிலேயே இருக்கும் மாமியாரிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லி, வேறு யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

அமெரிக்க விமான நிலையத்தில் அதிகாரி என் விசாவைப் பார்த்துவிட்டு எத்தனை நாள் தங்குவாய் என்று கேட்டார். பத்து நாள் என்றேன். நிமிர்ந்து பார்த்தார். இது குடியேறுவதற்கான விசா ஆயிற்றே என்றார். மனைவி போனில் மனப்பாடம் பண்ண வைத்த ஆங்கிலத்தைத் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இப்போது வருகிறேன், போய் வேலைகளை முடிக்கிறேன், பிறகு வீட்டுக்கு வந்துவிடுகிறேன். வீடு எங்கே என்றார். முகவரி மறந்துவிட்டது. வெளியே போகும் கதவைக் காட்டி, அதற்கு அந்தப் பக்கம் நிற்கிறாள் என்றேன். அவர் சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார். கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நிஜமாகவே நின்றாள். ஓடினேன். பையை அங்கேயே வைத்துவிட்டு ஓடி, பிறகு பைக்காகத் திரும்பி ஓடினேன்.

பத்து நாளும் ஒரு மலிவான விடுதி அறையில் இருந்தோம். தண்ணீர் சுடவைக்கும் கெண்டியில் மீ நூடுல்ஸ் அவித்துத் தின்றோம். ராஜா மாதிரி இருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தோடுதான், பினாங்கு திரும்பிய அன்று காலை, சூலியா தெருவில் ஒரு கடையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். பசியாறிவிட்டு ஜோகூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டியதுதான். பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. அரிசி இறக்க வந்த என் ஓட்டுநர் அண்ணன்.

"டேய், நீயா? அமெரிக்கா என்ன பாயான் லெப்பாஸ் பக்கத்துலயா இருக்கு?"

கல்லாவில் இருந்தவர் என் ஜாக்கெட்டைப் பார்த்தார். "மீன் லோரியில வந்திருப்பாரு அண்ணே. உள்ளாற குளிரும்லா."

அண்ணன் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. எதிரே உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார். "திருப்பி அனுப்பிட்டானுங்களா? இல்ல, தங்கச்சிகூட சண்டையா?"

முத்திரையைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். என் தேநீரை எடுத்துக் குடித்துக்கொண்டே கேட்டார்.

"விருந்து அன்னிக்கே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"நான் மைக்கப் புடிச்சு அழுதேனே, அப்பவும்?"

"தெரியும் அண்ணே."

"மானங்கெட்டவனே! அன்னியிலருந்து என்னை மைக் அண்ணேன்னு கூப்புடுறானுங்க." கோப்பையை வைத்தார். "இப்ப எங்க போற?"

"ஜோகூர்."

"போ. நீ போயிருவ. இங்க உன்னப் பாத்தவன் எத்தன பேரு? சாயந்தரத்துக்குள்ள சிம்பாங் அம்பாட் முழுக்கத் தெரிஞ்சிரும். பொண்டாட்டி தொரத்திட்டா, அதான் ஊருக்குள்ள தலகாட்டாம ஓடிட்டான்னு பேசுவானுங்க. உன் மாமியார்தான் நாலு மாசம் அதைக் கேட்டுக்கிட்டு இருக்கணும்."

ரொட்டியைத் தட்டில் வைத்தேன். எத்தனையோ ஊர்களை விட்டுப் போயிருக்கிறேன். நான் போன பிறகு அங்கே யார், யாருக்கு, என்ன பதில் சொன்னார்கள் என்று அதுவரை ஒருநாளும் நினைத்ததில்லை.

ஜோகூர் பஸ்ஸை விட்டுவிட்டு அண்ணனோடு கிளம்பினேன். லோரியில் என் இடத்தில் புதுக் கெலிண்டான் இருந்தார். நான் நடுவில் நெருக்கி உட்கார்ந்தேன். லோரி இரண்டாவது கடற்பாலம் ஏறி, பத்து காவான் என்ற ஊரில் இறங்கி, சிம்பாங் அம்பாட்டை நோக்கிப் போனது. அமெரிக்க அதிகாரி முன்னால்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

ஸ்டோரில் இறங்கியதும் எல்லோரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். கணக்கு எழுதும் அக்காதான் முதலில் வாயைத் திறந்தார்.

"என்ன தம்பி, ஜாக்கெட் சைஸ் சரியில்லையா? மாத்த வந்தியா?"

கூரை அதிரச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். விருந்தில் ஏன் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சொன்னேன். அப்போது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. பாஸ்போர்ட் கைக்குக் கை போனது. "மாவுக் கையோட தொடாத லா!" என்று ஒருவர் கத்தினார். பனியைத் தின்னலாமா என்று ஒருவர் கேட்டார். அடுத்த தடவை ஆடு நான்தான் போட வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

அக்கா என்னைத் தனியே கூப்பிட்டார். "மொதல்ல உன் மாமியார் வீட்டுக்குப் போ. மாப்பிள்ளை எப்படி இருக்காருன்னு நாங்க கேட்டா, நல்லா இருக்காருன்னு சொல்லிட்டு வேகமா நடந்துருவாங்க. பத்து நாளா கடைப் பக்கமே சரியா வர்றதில்ல."

போனேன். மாமியார் திட்டவில்லை. நான் செருப்பைக் கழற்றப் போனபோது கையைக் காட்டித் தடுத்தார்.

"உள்ள வராதீங்க. வாசல்லயே நின்னு சத்தமா சொல்லுங்க. ஏன் வந்தீங்க, எப்பப் போறீங்கன்னு. பக்கத்து வீட்டுல கேக்கட்டும்."

சொன்னேன். இரண்டு தடவை சொல்ல வைத்தார். பிறகுதான் சாப்பாடு போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அதே ஸ்டோரில், கிடங்குக்குள் மூட்டை சுமக்கும் வேலையில் சேர்ந்தேன். கெலிண்டான் வேலையைவிடக் கீழானது, இடுப்பு ஒடியும். பெயரை எழுதிய அக்கா, "எப்ப வேலைய விட்டு நிப்ப?" என்று கேட்டார். தேதியைச் சொன்னேன், எழுதிக்கொண்டார். எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். போகும் நாளைச் சொல்லிவிட்டுச் சேர்ந்த முதல் வேலை அதுதான். பார்த்த வேலைகளிலேயே அதை மட்டும்தான் என்னுடைய வேலை என்று சொல்ல இன்றும் மனம் வருகிறது.