மூலச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது

2023 ஜூன் 12ஆம் தேதி, முப்பத்தெட்டுக் குறிப்பேடுகளைப் படமெடுத்துத் தொண்ணூறு நாளில் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்துப் பெற்றுக்கொண்ட தென்கரை சமூக ஆய்வு மையம், பதினான்கு மாதமாகியும் ஒரு பக்கத்தையும் படமெடுக்கவில்லை; ஓர் ஏட்டையும் திருப்பித் தரவில்லை; ஆறு நினைவூட்டல்களில் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. அந்தக் குறிப்பேடுகளை எழுதிய முருகையனின் குற்றச்சாட்டு இதுதான். ஆறு கடிதங்களின் நகலும் அஞ்சலக ஒப்புகை அட்டைகளும் தேதிவாரியாக அவரிடம் உள்ளன.

கீழப்பனையூர் வடக்குத் தெருவில் நடவுக் கூலியாள் ஒருத்தியின் மகனாகப் பிறந்தவர் அவர். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. மன்னார்குடியில் விவசாயத் தொழிலாளர் சங்கப் பத்திரிகைக்குப் பிழை திருத்தப் போனார். பழைய காகிதக் கடையில் எடைக்கு வாங்கிய புத்தகங்களைக் கொண்டே சமூகவியல் கற்றார். பல்கலைக்கழகம் தராத பட்டத்தை ஊர் தந்தது: ‘வயக்காட்டு புரொபசர்’.

நடவுக் காலங்களில் வரப்பில் நின்று கேள்வி கேட்பார். “கேட்ட வாயோட ரெண்டு முடி நாத்தையும் தூக்கிப் போடுங்க புரொபசரே!” என்று பெண்கள் சிரிப்பார்கள். அவரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நாற்று முடியை வீசியபடியே கேட்பார்: “ஒங்க குடிசை நிக்கிற மண்ணு யாருது?” வயலுக்கு உச்சவரம்பு பேசியவர்கள் குடிசையின் அடிமண்ணைப் பேச மறந்தார்கள் என்பதை முப்பது ஆண்டுகளில் நான்கு சிறு நூல்களாக எழுதினார். சங்கச் செயலாளர் வீட்டுக் கொல்லையில் கூலியாட்களுக்குத் தனி டம்ளர் இருப்பதையும் 1994இல் எழுதினார். சங்கம் அவரை நீக்கியது. நீக்கல் கடிதத்தை நான்காம் கோப்பில் சேர்த்துவிட்டு, மறுநாளும் வரப்புக்குப் போனார்.

வடக்குத் தெருவின் அறுபத்துமூன்று குடிசைகளும் ஒரு மிராசுதாரின் மனையில் நின்றன. பட்டா கிடையாது. 1977 புயலில் கூரை பறந்தபோது அரசு கொடுத்த நிவாரணச் சீட்டு ஒன்றே, அந்தக் குடும்பங்கள் அன்றே அங்கே குடியிருந்ததற்குச் சாட்சி. ஒழுகும் கூரையின் கீழ் காகிதம் எத்தனை மழைக்குத் தாங்கும்? “ஒங்கிட்டயே இருக்கட்டும்” என்று ஒவ்வொருவராக அவரிடம் கொடுத்தார்கள். அவர் கஞ்சிப் பசை காய்ச்சி, தன் குறிப்பேடுகளில் ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கமாக ஒட்டினார். மேலே அழகான கையெழுத்தில், ‘மூலச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதினார்.

2024 ஜூலையில் மனையை வாங்கிய புது ஆள் தெருவைக் காலி செய்யக் கேட்டார். ஆகஸ்ட் 19இல் விசாரணை. மூல ஆவணம் காட்டாதவர் வெளியேற வேண்டும்.

ஆகஸ்ட் 6ஆம் தேதி முருகையன் தஞ்சாவூருக்கு நேரில் போனார். மையத்தின் இயக்குநர் மதிவாணன் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார், பிறகு பின்கட்டுச் சாமான் அறைக்கு அழைத்துப் போனார். குறிப்பேடுகள் தரையில் கிடந்தன. ஒரு மழைக்காலம் முழுக்க அப்படியே கிடந்திருக்கின்றன.

முருகையன் ஒன்றைப் பிரித்தார். அவருடைய எழுத்து ஓரங்களில் அப்படியே இருந்தது. கஞ்சி தடவிய இடத்தை மட்டும் கரப்பானும் ராமபாணப் பூச்சியும் சுத்தமாகத் தின்றிருந்தன. ‘மூலச் சீட்டு இணைக்கப்பட்டுள்ளது’ என்ற வரிக்குக் கீழே சதுரமாக ஓர் ஓட்டை. அடுத்த பக்கம், அதற்கடுத்த பக்கம், எல்லாவற்றிலும் அதே ஓட்டை.

“நல்லவேளை, ஒங்க எழுத்து பூரா தப்பிச்சிருச்சுங்க ஐயா. ஆய்வுக்கு ஒரு நஷ்டமும் இல்ல,” என்றார் மதிவாணன்.

“இங்கதான் கெட்டுப்போச்சுன்னு எழுதிக் குடுங்க. வெசாரணையில காட்டணும்.”

“எதுக்குங்க எழுத்தெல்லாம்? வாயால சொல்றேனே. ரொம்ப வருத்தப்படுறோம்.”

அன்று மாலையே வடக்குத் தெருவில், ஞானாம்பாள் வாசலில் உட்கார்ந்து ஏழாவது கடிதத்தை எழுதத் தொடங்கினார். அவள் அவருடைய தாயோடு நடவுக்குப் போனவள். முதல் சீட்டைக் கொடுத்தவளும் அவள்தான். நடந்ததை அவரே அவளிடம் சொன்னார். அவள் அழவில்லை.

“அவங்கிட்ட நோட்டைக் குடுத்தப்ப எழுதி வாங்குனியா?”

“வாங்குனேன் பெரியம்மா. இந்தா இருக்கு.”

“எங்கிட்ட சீட்டை வாங்குனப்ப, எனக்கு எழுதிக் குடுத்தியா?”

முருகையன் தன் கோப்புகளையெல்லாம் மனதுக்குள் புரட்டினார். அறுபத்துமூன்று குடும்பங்களில் ஒருவருக்கும் அவர் ஒரு துண்டுச் சீட்டும் எழுதிக் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

“நம்ம புள்ளதானேன்னு நானும் கேக்கல,” என்றாள் ஞானாம்பாள். “இப்பக் கேக்குறேன். அந்த ஆபீசுக்காரன் பதில் போடட்டும், போடாம போகட்டும். எஞ்சீட்டை யாரு வாங்குனா, எப்ப வாங்குனா, இப்ப எங்க? பத்தொம்பதாந் தேதிக்கு முன்னாடி எனக்கு எழுத்துல பதில் வேணும் முருகையா. கீழ ஒன் கையெழுத்தையும் போட்டுக் குடு.”