கமலாசனி அழித்த வளைவு

கிளிநொச்சிச் சந்தைக்குப் பின்புறம், போட்டோப் பிரதிக் கடையொன்றை ஒட்டிய சிற்றறையில் கமலாசனி தொழில் செய்கிறார். படவரைஞர் பயிற்சி பெற்றவர். அச்சிடுவதற்கன்றி வேறெதற்கும் இடந்தராத பீடீஎப் வரைபடங்களை, பெட்டியை நகர்த்தவும் கோட்டை மாற்றவும் கூடிய வரைபடங்களாக ஆக்கிக் கொடுப்பது அவர் தொழில். வீட்டுப் படம், மண்டபப் படம், மின்னிணைப்புப் படம் எனப் பலவும் அவரிடம் வரும்.

இத்தொழிலின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். பீடீஎப் தாளில் நாம் பெட்டி என்று காண்பது கணினிக்குப் பெட்டியன்று; ஒன்றையொன்று அறியாத நான்கு கோடுகள். நாம் வாய்க்கால் என்று காண்பதோ சிறு துண்டுகளின் வரிசை. மென்பொருள் அவற்றையெல்லாம் பிரித்துத் திரைமேற் கொட்டிவிடும். எது எதனோடு சேரும், எது வெறும் தூசு என்று துணிவது மனிதரின் பொறுப்பு. புணர்ந்து கிடக்கும் பழஞ்செய்யுளைப் பதம் பிரிப்பதை ஒத்த வேலை அது. பிரிக்கும் இடம் தவறினால் பொருள் வேறாகிவிடும். கமலாசனி கைவேகம் உடையவர். நுண்ணிய துண்டுகள் யாவற்றையும் ஒருங்கே தெரிவுசெய்து அழித்துவிட்டு, எஞ்சிய கோடுகளைப் பெட்டிகளோடு பிணைப்பது அவர் வழக்கம்.

சென்ற பங்குனியில், விசுவமடுவுக்கு அப்பாலுள்ள ஒரு குளத்தின் கீழ்ப் பயிரிடுவோரின் கமக்காரர் அமைப்புத் தலைவர் தில்லைநாதன், பழைய வாய்க்கால் வரைபடமொன்றின் பீடீஎப்பை அவரிடம் கொண்டுவந்தார். அவ்வாண்டு குளத்தில் நீர் குறைவு. ஆதலால் சிறுபோகமாகிய கோடை விதைப்புக்கு முதலாம் வாய்க்காலை மட்டும் திறப்பதென்றும், அதன்கீழ் வயலுடையோர் அனைவரும் கிடைக்கும் நீருக்கு ஏற்ற அளவு நிலத்தைப் பங்கு பிரித்து விதைப்பதென்றும் பேசியிருந்தார்கள். எவர் வயல் எவ்வாய்க்காலின் கீழ் என்பதைப் புதிதாக மாற்றலாகி வந்த கமநல அலுவலர் கமலாசனி ஆக்கிய வரைபடத்தைக் கொண்டே கணித்தார். கமலாசனி மறுநாளே வேலையை முடித்துக் கொடுத்திருந்தார்.

சில நாட்களின் பின் சுப்பம்மா அவ்வறைக்கு வந்தார். மலையகத் தோட்டமொன்றிலிருந்து சிறுவயதிற் பெற்றோருடன் வந்து, வன்னியிற் காடு வெட்டிக் குடியேறியவர். கையில் அவ்வரைபடத்தின் பிரதி இருந்தது.

"இந்தப் படத்த வரஞ்சது நீங்கதானா தங்கச்சி?"

"ஓம் அம்மா, இருங்கோ. என்ன பிரச்சினை?"

"என் வயலக் கொண்டுபோயி ரெண்டாம் வாய்க்கால்ல கட்டிப்புட்டீங்களே. அத இந்தப் போகம் தொறக்கவே மாட்டாங்களாம்."

"பழைய படத்திலை இருந்ததைத்தானே போட்டனான்."

"எந்தப் படத்துல? வயலு வெட்டுன நாள்லேர்ந்து மொதலாம் வாய்க்காத் தண்ணிதான் என் நெல்லு குடிக்குது. ரெண்டாம் வாய்க்காலுக்கு மேலால சீமெந்துத் தொட்டி போட்டுத் தாண்டி வருது. போன கெழம பொடிநடையா எடம் மாறிடிச்சாக்கும்!"

"தலைவரிட்டைச் சொன்னனீங்களோ?"

"சொன்னேன். படம் அப்புடித்தான் காட்டுதுங்குறாரு. பக்கத்து வயக்காரங்க ஒருத்தரும் வாயத் தொறக்கல. எனக்கு வராத தண்ணி அவங்களுக்குத்தானே போவும்?"

கமலாசனி பழைய பீடீஎப்பைக் கணினியில் திறந்து பெருப்பித்துப் பார்த்தார். இரு வாய்க்கால்களும் குறுக்கிடும் இடத்தில், மயிரிழையளவான ஒரு வளைவு இருந்தது. ஒன்று மற்றொன்றைத் தொடாமல் மேலாகச் செல்கிறது என்பதற்கு அக்கால வரைஞர் இட்ட குறி அது. தம்முடைய படத்தில் அவ்வளைவு இல்லை. தூசுகளோடு அதுவும் அழிந்திருந்தது. குறி மறைந்ததும் இரு கோடுகளும் கூடுவதுபோலத் தோன்ற, அப்பாற் கிடந்த முதலாம் வாய்க்காலின் வாற்பகுதியை அவர் இரண்டாம் வாய்க்காலோடு பிணைத்திருந்தார்.

"பிழை என்ரைதான் அம்மா."

"அத எங்கிட்டச் சொல்லி என்னா பண்ண? நாளைக்கு வயக்காரங்க கூட்டம். அங்க வந்து சொல்லுங்க."

மறுநாள் கமலாசனி மடிக்கணினியோடு பொதுநோக்கு மண்டபத்துக்குச் சென்றார். அவர் சொல்லியதைக் கேட்டதும் தில்லைநாதன் முகம் கறுத்தது.

"தங்கச்சி, பங்கு பிரிச்சு முடிஞ்சுது. சனம் வரம்பும் கட்டத் தொடங்கீட்டுது. அடுத்த போகம் பாப்பம்."

மேல்வயற்காரர் சிவராசா இடையிற் புகுந்தார். "பிள்ளை வளைச்சா வளையும், நிமித்தினா நிமிருமோ எங்கடை வாய்க்கால்?"

மண்டபம் சிரித்தது. சுப்பம்மா கதிரையிலிருந்து எழுந்தார்.

"சிவராசாண்ணே, அந்தத் தொட்டிக் கட்டுல குந்திக்கிட்டுத்தானே தெனமும் வெத்தல போடுறீங்க? கட்டு முழுக்கச் செவப்பா இருக்கே, அது யாரு துப்புனது?"

இம்முறை சிரிப்பு உரத்து எழுந்தது. அலுவலர் கையமர்த்தினார்.

"தொட்டி இருக்கோ இல்லையோ? ஆரும் ஒராள் சொல்லுங்கோ."

 அயல் வயலுக்குரிய ஞானேஸ்வரி மெல்லச் சொன்னார்: "இருக்கு சேர்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் பேசாமல் இருந்தனீங்கள்?"

"படத்திலை இல்லையெண்டால் நாங்கள் என்ன செய்யிறது சேர்? கொம்பியூட்டரிலை வந்த படமெல்லோ."

அலுவலர் திருத்துமாறு பணித்தார். கமலாசனி எல்லோரும் பார்த்திருக்கக் குறுக்கிடும் இடத்தில் வளைவை இட்டார். கோட்டின் நுனியை இரண்டாம் வாய்க்காலிலிருந்து விடுவித்து முதலாம் வாய்க்காலோடு பிணைத்தார். பங்குகள் மறுபடியும் பிரிக்கப்பட்டன. ஒவ்வொருவருக்கும் ஒரு கீற்று நிலம் குறைந்தது. தில்லைநாதன் தலை நிமிராமலே ஒப்பமிட்டார்.

வெளியே சிவராசா சைக்கிளை எடுத்தவாறு கமலாசனியிடம், "உன்ரை ஒரு கீறாலை என்ரை புது வரம்பு போச்சுது பிள்ளை," என்றார்.

"போவலண்ணே, அங்கதான் இருக்கு," என்றார் சுப்பம்மா. "கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிக் கட்டுங்க. மம்பட்டி வேணும்னா நான் தாறேன்."

கமக்காரர் அமைப்பின் வரைபட வேலைகள் அதன்பின் வவுனியாவிலுள்ள வேறொருவரிடம் சென்றன. சுப்பம்மாவின் பங்கில் சித்திரை முடியுமுன் விதைப்பு நடந்தது.