புயல் வராத கார்த்திகையில் மனை பார்க்கப் போனோம்

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். அப்போது ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தோம். தொழிற்சாலையில் என் வீட்டுக்காரருக்கு ஓய்வு நெருங்கிவிட்டது. காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற கவலையில்தான் பாரிவாக்கத்துக்கு மனை பார்க்கக் கிளம்பினோம்.

மனையை மழையில்தான் பார்க்க வேண்டும் என்பது குவார்ட்டர்ஸில் எழுதாத சட்டம். தண்ணீர் நிற்குமா என்று அப்போதுதானே தெரியும்? ஆனால் அந்த வருஷம் வங்கக்கடல் மூச்சே விடவில்லை. ரேடியோவில் இன்று காற்றழுத்தத் தாழ்வு என்பார்கள், நாளை வலுவிழந்தது என்பார்கள். மழை இல்லாவிட்டால் என்ன, சட்டத்துக்குக் கார்த்திகை மாதமே போதாதா என்று குடைகூட இல்லாமல் போனோம்!

ஒன்பது மணிக்குப் பூந்தமல்லி பஸ். ஏழெட்டு கிலோமீட்டர்தான். இறங்கி மண்பாதையில் கால் மணி நடை. முட்டிவலிக்காரரான இவரோடு போனால் அரை மணி.

“இன்னா சார், கார்த்திகை மாசத்துல ஒரு சொட்டு தண்ணி கீதா பாரு!” என்றார் மனையில் காத்திருந்த புரோக்கர்.

“ஏட்டி, தரை எப்படிக் காஞ்சு கெடக்கு பாத்தியா?” இவருக்குத் தலைகால் புரியவில்லை. அட்வான்ஸ் பணம் பையில் இருந்தது.

பக்கத்தில் ஒரே ஒரு வீடு. இவர் வாசலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்க்க, நான் தண்ணீர் கேட்டு உள்ளே போனேன். அரிசி டிரம் பரண் மேல் இருந்தது. தையல் மிஷின் கட்டில் மேல்!

“மழைக்கு இங்க தண்ணி நிக்குமா?”

“அதெல்லாம் நிக்காதுக்கா, வாங்க. இன்னும் ரெண்டு ஊடு வந்தாத்தான் ரோடு போடுவாங்களாம். நாங்க மட்டும் தனியா கீறோம்,” என்றாள் அந்த வீட்டுப் பெண். சொம்பை நீட்டும்போது வாசலில் முட்டியைத் தேய்க்கும் இவரைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது.

“வேணாங்க்கா. புயல் வந்தா இடுப்பளவு வரும். நாங்க புள்ளைங்கள தூக்கிகினு ஓடிருவோம். அண்ணன் இந்தக் காலை வச்சிகினு எங்க போவாரு?”

நான் அடம்பிடிக்க, அட்வான்ஸ் கொடுக்காமல் திரும்பினோம். பஸ்ஸில் இவர் கோபமாக வேறு சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நாளில் ஆவடிப் பக்கமே முத்தாபுதுப்பேட்டையில் மேடாக ஒரு மனை அமைந்தது.

மனை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கடல் சும்மா இருக்கிற வருஷத்தில் காய்ந்த தரையை நம்பாதீர்கள். ஒரு புயல் கடக்கும்வரை பொறுங்கள், முடியாவிட்டால் அங்கே குடியிருக்கும் பெண்களிடம் கேளுங்கள்.

மறு வருஷம் புயல் வந்தது. எங்கள் வாசலில் தண்ணீர் நிற்கவில்லை, எனக்குத்தான் அந்த ஒற்றை வீட்டு நினைப்பாகவே இருந்தது. வெள்ளம் வடிந்ததும் பாரிவாக்கம் போனேன். அப்போதும் அங்கே ஒற்றை வீடுதான், ரோடும் வரவில்லை. அவள் முற்றத்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தாள்.

“எடம் வாங்கிட்டீங்களாக்கா? மேடா?”

ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு,” என்று சிரித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.