ரசமட்டம் வாக்கர் பிடித்த கதை

எங்கள் தெருவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் யாருக்கும் தெரியாது. ரசமட்டம் வீடு எது என்று கேட்டால் உடனே கை காட்டுவார்கள். டைல்ஸ் பதிக்கிற மேஸ்திரி. நடுவில் காற்றுக் குமிழி மிதக்கும் ரசமட்டக் கட்டை எப்போதும் அவர் தோள்பையில் இருக்கும். டீக்கடை மேசையிலும் அதை வைத்துப் பார்த்து, "வலப்பக்கம் ஒரு நூல் இறக்கம்" என்று சொல்லிவிட்டுத்தான் டீயைக் குடிப்பார். இருபத்திரண்டு வருடம் மட்டம் பார்த்த மனிதர், ஒரு நாள்கூட வேலைக்கு மட்டம் போட்டதில்லை.

அவர் வீட்டுக்கு நேர் எதிரே என் வீடு. அவர் வீட்டுத் தரையைப் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றுவதோடு வாயையும் சற்று நேரம் மூடிக்கொள்வார்கள். அப்படியொரு பளபளப்பு. கூடம், படுக்கையறை, குளியலறை எல்லாம் ஒரே மாதிரி. "குனிஞ்சு பார்த்தா எத்தனை நரைன்னு எண்ணிடலாம்" என்பார் மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி. அது பாராட்டா புகாரா என்று ரசமட்டம் கேட்டதே இல்லை.

போன வருடம் புதிதாகக் கட்டிய ஒரு மாடி வீட்டில் வேலை. டைல்ஸ் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு படி இறங்கினார். பெட்டி கண்ணை மறைத்தது. தரை வந்துவிட்டது என்று காலை வைத்தார். தரை இன்னும் இரண்டு படி கீழே இருந்தது. பிடித்துக்கொள்ளக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டப்படவில்லை. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டாகிவிட்டது. அவரோடு பல வருடமாகக் கலவை போடும் கூட்டாளி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்: "பெட்டியில ஒரு டைல்ஸ்கூட விரியல மச்சான். நீ மட்டும்தான் விரிஞ்ச."

அறுவை சிகிச்சை செய்து எலும்புக்குள் கம்பி வைத்தார்கள். ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். பிசியோ சிகிச்சை தரும் பெண் ஒரு வாக்கரைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்தார். முப்பது வயதிருக்கும், குரல் மென்மை, பேச்சு கறார்.

"இதைப் பிடிச்சுக்கிட்டுத் தெருவுல போனா என்னைக் கிழவன்னு சொல்லுவாங்க மேடம்."

"பிடிக்காம போனா ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, தூக்கிட்டு வருவாங்க. எழுந்திருங்க அண்ணா."

அவர் எழவில்லை. வாக்கரின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "பின்னாடி இடது கால் ஒரு ஓட்டை தள்ளி மாட்டியிருக்கு. ஆடும்."

அந்தப் பெண் குனிந்து பார்த்தார். உண்மைதான். பொத்தானை அழுத்திச் சரிசெய்துவிட்டு, அவரை நிற்கவைத்துக் கையைத் தொங்கவிடச் சொன்னார். கைப்பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வரும்வரை நான்கு கால்களையும் ஒவ்வொரு ஓட்டையாக மாற்றினார். அளவு பார்த்து வேலை செய்கிறவர்களை ரசமட்டத்துக்குப் பிடிக்கும். அதற்குப் பிறகு அந்தப் பெண் சொன்னதைக் கேட்டுக்கொண்டார்.

"முதல்ல வாக்கர். நாலு காலும் தரையில உட்கார்ந்த பிறகுதான் நீங்க. பாரத்தைக் கையில கொடுத்து, இடது காலை எடுத்து வைங்க. எழுந்திருக்கும்போது வாக்கரைப் பிடிச்சு இழுக்காதீங்க, கட்டிலை அழுத்தி எழுந்திருங்க. உட்காரும்போது கட்டில் பின்னங்கால்ல படணும், அதுவரைக்கும் உட்காராதீங்க. வீட்டுல தரை எப்படி?"

"கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார் பெருமையாக.

அந்தப் பெண்ணின் முகம் மாறியதை அவர் கவனித்தார். அவர் மனைவியும் கவனித்தார். வீட்டுக்கு வருவதற்குள் கால்மிதிகளையெல்லாம் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டார் மனைவி. மின்விசிறியின் ஒயரைச் சுவரோரம் ஒட்டினார். குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடக் கூடாது, தனியாகப் போகக் கூடாது என்று இரண்டு சட்டம் போட்டார். "நான் வேலைக்குப் போயிருந்தா எதிர்வீட்டு சாருக்குப் போன் போடுங்க. அடுத்த நிமிஷம் வந்துடுவார்."

முதல் நான்கு நாளும் நான் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். போன் வரவில்லை. குளியலறைக்குப் போக இன்னொரு ஆணைக் கூப்பிடுவதா என்று அவருக்குக் கூச்சம்.

ஐந்தாம் நாள் காலை பதினொரு மணி. மனைவி கடைக்குப் போயிருந்தார். ரசமட்டம் தானே போனார், வழக்கத்தில் தாழ்ப்பாளும் போட்டார். போன காரியம் நல்லபடியாக முடிந்தது. முகம் கழுவினார், தண்ணீர் தரையில் சிதறியது. திரும்பும்போது வாக்கரை நகர்த்தும் முன் உடம்பு திரும்பிவிட்டது. வாக்கரின் ரப்பர் கால் ஈரத்தில் சர்ரென்று ஓடியது. எட்டித் துண்டு மாட்டும் கம்பியைப் பிடித்தார். கம்பி திருகாணியோடு கையில் வந்துவிட்டது.

சுவரில் முதுகு உரச, மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். அடிபட்ட காலை மட்டும் எப்படியோ நீட்டித் தூக்கியே வைத்திருந்தார். போன் படுக்கையறையில். கத்திக் கூப்பிடலாம்; கத்தினால் தெருவே வரும். கதவோ உள்ளே பூட்டியிருக்கிறது. கையிலிருந்த துண்டுக் கம்பியைப் பார்த்தார். அதைக் கொண்டே தாழ்ப்பாளைத் தட்டித் தட்டிக் கீழே இறக்கினார். பிறகு உட்கார்ந்தபடி, இரண்டு கையையும் பின்னால் ஊன்றி நகர ஆரம்பித்தார். அவர் போட்ட பளபளப்பு அன்றைக்குத்தான் ஒரு காரியத்துக்கு உதவியது. கூடம் முழுவதையும் வழுக்கிக்கொண்டே கடந்துவிட்டார். கட்டிலிலிருந்து தொங்கிய சார்ஜர் ஒயரை இழுத்துப் போனைக் கீழே கொண்டுவந்து எனக்குப் போன் செய்தார்.

"சார், கொஞ்சம் வர முடியுமா? அவசரம் ஒண்ணும் இல்ல."

சாத்தியிருந்த வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு போய்ப் பார்த்தால் நனைந்த உடையோடு தரையில் கிடக்கிறார். பதறிப்போய்க் கைகொடுத்தேன்.

"தூக்காதீங்க. எனக்கு என்ன ஆச்சுன்னு எனக்கே தெரியல. முதல்ல மேடத்துக்குப் போன் போடுங்க."

அந்தப் பதற்றத்திலும் அவர் சொன்னது சரி. நல்லவேளை, படம் எடுத்துப் பார்த்ததில் எலும்புக்குள் வைத்த கம்பி நகரவில்லை. மாலையில் அவர் மனைவி பிய்ந்து வந்த துண்டுக் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து போக வழி தெரியவில்லை.

"இதை மாட்டினது யாருங்க?"

"நான்தான்."

"இந்தத் தரை போட்டது?"

"நான்தான்."

"தாழ்ப்பாள் போட்டது?"

ரசமட்டம் கட்டில் விரிப்பின் ஓரத்தை நீவிச் சரிசெய்தார்.

"அப்ப சரி. நான் திட்டுறதுக்கு இந்த வீட்டுல வேற ஆளே இல்ல" என்று சொல்லிவிட்டு மனைவி சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. ரசமட்டம் மனைவியின் கையிலிருந்து கம்பியை மெதுவாக வாங்கிக் கட்டிலுக்கடியில் போட்டார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கே கலவைக் கூட்டாளி வந்துவிட்டார். கைப்பிடி வைத்த கனமான மர நாற்காலியைக் குளியலறை வாசலில் போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டு வேலை வாங்கினார் ரசமட்டம். பழைய தரை பெயர்ந்தது. சொரசொரப்பான சின்னச் சின்ன டைல்ஸ் வந்தது. நீர் தேங்காமல் ஓடச் சாய்வு வைத்தார்கள். கழிப்பறைப் பக்கமும் குழாய்ப் பக்கமும் சுவரைத் துளைத்து, ஆணி ஆழமாக இறங்கும் தடித்த கைப்பிடிகள். அவை சுவரில் இறுகியபின் கூட்டாளி ஒரு கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியே காட்டினார். "இப்ப நம்பலாம். என் தொப்பையையே தாங்குது." சிமெண்ட் இறுகும்வரை இரண்டு நாள் எங்கள் வீட்டுக் குளியலறைதான். இந்த முறை கூச்சப்படாமல் என்னைக் கூப்பிட்டார்.

கூடத்தை மாற்ற முடியாது. ஆகவே நடப்பவர் மாறினார். அவர் கட்டிலில் இருக்கும்போது மட்டும்தான் ஈரத் துடைப்பம். வீட்டுக்குள்ளும் பிடிமானமுள்ள காலணி. வாக்கரின் முன்பக்கம் ஒரு துணிப்பை கட்டி, அதில் போன், தண்ணீர் பாட்டில். கையில் எதையும் தூக்கிக்கொண்டு நடப்பதில்லை. காலையில் முதல் வேலையாக நான்கு ரப்பர் கால்களையும் தடவிப் பார்ப்பார். தேய்ந்திருந்தால் அன்றைக்கே புதிது வர வேண்டும்.

ஆறாவது வாரத்தில் கக்கத்துக் கட்டை வந்தது. அக்குளில் சாயக் கூடாது, இரண்டு விரல் இடைவெளி வேண்டும், பாரம் கையில் என்றார் பிசியோ பெண். படியில் ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அடிபட்ட காலும் கட்டையும் முன்னே. இறங்கும் பாடத்துக்குத்தான் அவருக்கு நாள் பிடித்தது. முதல் நாள் மூன்று படியின் உச்சியில் பத்து நிமிடம் நின்றார். வியர்த்துக் கொட்டியது. "இன்னைக்குப் போதும் அண்ணா" என்றார் அந்தப் பெண். "இல்ல மேடம், எண்ணிக்கிட்டிருக்கேன். மூணுன்னு தெரியும். இன்னொரு தடவை எண்ணிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

கைத்தடிக்கு வந்தபோது ஒரு சண்டை. அடி வலது காலில், தடி வலது கையில்தானே என்பது அவர் கட்சி. இடது கையில் என்றார் அந்தப் பெண். "ரெண்டு மாதிரியும் நடந்து பாருங்க. உங்க உடம்பு மட்டம் பார்த்துச் சொல்லட்டும்." நடந்து பார்த்தார். வலது கையில் பிடித்தபோது உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. இடது கைக்கு மாற்றிக்கொண்டார்.

ஐந்தாம் மாதம் டாக்டர் இலகுவான வேலைக்கு அனுமதி கொடுத்தார். முதல் வேலையைக் கொடுத்தது பிசியோ பெண்தான். அவருடைய சிகிச்சைக்கூடத்தின் வாசல் சரிவில் வழவழப்பான கல் பதித்திருந்தார்கள். மழை பெய்தால் நோயாளிகளை இருவர் பிடித்துத்தான் ஏற்ற வேண்டும். ரசமட்டம் தாழ்வான முக்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்து வேலை செய்தார். குனிய வேண்டிய இடத்தில் கூட்டாளி குனிந்தார். சரிவை நீளமாக்கி, குறுக்கே வரி வரியாகப் பள்ளம் உள்ள டைல்ஸ் பதித்து, இரு பக்கமும் கைப்பிடி வைத்தார்கள். நான்காம் நாள் இரண்டு வாளித் தண்ணீரைச் சரிவில் கொட்டச் சொன்னார்.

"எதுக்கு?" என்றார் அந்தப் பெண்.

"நான் ஏறிப் பார்க்கணும்."

"விழுந்துடப் போறீங்க அண்ணா!"

"விழுந்தா வைத்தியத்துக்கு எங்கேயும் போக வேண்டாமே மேடம்" என்றபடி, ஒரு கையில் தடியும் மறு கையில் கைப்பிடியுமாக நிதானமாக ஏறினார். மேலே போய் நின்று, திரும்பி, இறங்கி, இன்னொரு முறை ஏறினார்.

இப்போது தடி இல்லை. முழங்கால் முழுதாக மடங்குவதில்லை, அதனால் முக்காலி மட்டும் நிலைத்துவிட்டது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புகிறவர்கள் இருக்கும் வீடுகளிலிருந்து மாதத்துக்கு நாலைந்து பேர், குளியலறையைச் சரிசெய்து தரச் சொல்லி அவரைத் தேடி வருகிறார்கள். இன்றைக்கு எங்கள் குளியலறையையும் வந்து பார்த்தார். துண்டுக் கம்பியை இரண்டு விரலால் அசைத்தார், அது ஆடியது. நாளைக் காலை துளைபோடும் கருவியோடு வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.